பகடையில் விழுந்தது இரண்டு, செத்தது யார்?

மேசைப் போர் ஆட்டங்களைப் பற்றிய வாசகர் கேள்விகளுக்கான பக்கம் இது. இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே யூனிட்டைப் பற்றியே: வார்ஹேமர் 40,000 ஆட்டத்தின் 8ஆம் பதிப்பில் வரும் ஹெல்பிளாஸ்டர். 2017இல் வந்த பதிப்பு. அதன் பிறகு வேறு பதிப்புகளும் வந்துவிட்டன. இருந்தும் பழைய பெட்டியை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறவர்கள் ஏராளம் போலிருக்கிறது. ஆடாதவர்களுக்கு ஒரு வரி: ஹெல்பிளாஸ்டர் என்பவர்கள் பிளாஸ்மா துப்பாக்கி ஏந்திய சிப்பாய்கள். ஒரு அணியில் 5 முதல் 10 பேர். துப்பாக்கி சாதாரணமாகவும் சுடும், ‘சூப்பர்சார்ஜ்’ செய்தும் சுடும். சூப்பர்சார்ஜில் அடி பலம், ஆனால் துப்பாக்கி வெடித்துச் சுட்டவனே சாகலாம். எல்லா வழக்கும் அந்தச் சாவில்தான்.

கேள்வி: சார், என் பத்து ஹெல்பிளாஸ்டர்கள் திறந்தவெளியில் நின்ற எதிராளியின் பிளேக் மரீன் சிப்பாய்களை 15 அங்குலத்துக்குள் பிடித்துவிட்டார்கள். ஆளுக்கு இரண்டு குண்டு, சூப்பர்சார்ஜ். எதிராளி தன் டர்னில் அந்த மரீன்கள்மேல் ‘மயாஸ்மா’ மந்திரம் போட்டிருந்தார், அதனால் என் ஹிட் ரோலில் (குண்டு படுகிறதா என்று பார்க்கும் பகடையில்) 1 கழியும். பகடையில் 2 விழுந்தவனையும் ‘கழித்தால் 1, செத்தான்’ என்று எடுத்து வைத்துவிட்டார். என் கேப்டன் பக்கத்திலேயே நிற்கிறார், 1 விழுந்தால் மறுபடி உருட்டலாம். ‘2 இப்போது 1 ஆகிவிட்டது என்கிறீர்களே, அப்படியானால் மறுபடி உருட்ட விடுங்கள்’ என்றேன். அதற்கும் மாட்டேன் என்கிறார். ஐந்து பேர் காலி. இது எந்த ஊர் நியாயம்?

பதில்: நியாயத்துக்குப் பிறகு வருகிறேன். ரூல்படி அவர் செய்த இரண்டும் சரி.

துப்பாக்கியின் வாசகம் இவ்வளவுதான்: ஹிட் ரோலில் 1 வந்தால், அந்த ஆயுதத்தின் குண்டுகள் எல்லாம் தீர்ந்த பிறகு ஏந்தியவர் சாவார். எந்த 1? பகடையில் விழுந்ததா, கழித்தபின் வந்ததா? வாசகத்தில் இல்லை. நான் பல வருஷம் அச்சுப் பிழை திருத்தி வயிறு வளர்த்தவன். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் ‘மயங்க வைத்தல்’ என்று ஒன்று உண்டே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் பார்த்ததில்லை. ஆட்டத்தை எழுதியவர்களே பின்னால் விளக்கம் கொடுத்தார்கள்: வேறு மாதிரி சொல்லாதவரை, கூட்டிக் கழித்தபின் நிற்கும் எண்தான் கணக்கு. ஆக 2 விழுந்தவனும் போனான்.

கேப்டன் விஷயத்தில் மயக்கமே இல்லை. அந்தப் பதிப்பில் மறுபடி உருட்டுவது முதலில், கூட்டல் கழித்தல் அதற்குப் பிறகு. கேப்டன் பார்க்கிற நேரத்தில் மேசையில் கிடப்பது 2. அது 1 ஆகும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நியாயமாகத் தெரியவில்லை என்கிறீர்களா? எனக்கும் தெரியவில்லை. எதிரே புகைமூட்டமாக இருந்தால் குறி தவறலாம், சரி. என் கையிலிருக்கும் துப்பாக்கி ஏன் வெடிக்க வேண்டும்? எழுதியவர்களுக்கும் இது உறுத்தியிருக்க வேண்டும். பிற்பாடு ‘கூட்டல் கழித்தல் இல்லாத 1’ என்று திருத்தினார்கள். 2023இல் வந்த 10ஆம் பதிப்பில் ஹிட் ரோலிலிருந்தே பிரித்துவிட்டார்கள். சுட்டு முடித்தபின் அதற்கென்று தனிப் பகடை.

இப்போது நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். அன்றைக்கு சூப்பர்சார்ஜ் ஏன் போட்டீர்கள்?

கணக்குப் பார்ப்போம். சாதாரணச் சூட்டில் பலம் 7, சூப்பர்சார்ஜில் 8. பிளேக் மரீனின் தாங்குதிறன் 5. ஏழானாலும் எட்டானாலும் காயப்படுத்தப் பகடையில் வேண்டியது 3 அல்லது அதற்கு மேல்தான், ஒரு துளி வித்தியாசம் இல்லை. கவசத்தைத் துளைக்கும் அளவு இரண்டிலும் 4. அவர்களுடைய 3+ (3 அல்லது அதற்கு மேல் விழுந்தால் காக்கும்) கவசம் இரண்டிலும் வெறும் தகரம். மிச்சம் டேமேஜ். சாதாரணத்தில் 1, சூப்பர்சார்ஜில் 2. பிளேக் மரீனுக்கு உயிர் ஒன்றுதான், ஆனால் போகிற ஒவ்வொரு உயிருக்கும் ஒரு பகடை உருட்டி 5 அல்லது அதற்கு மேல் வந்தால் தப்பிக்கிற சாபக்கேடு அவர்களுக்கு உண்டு. டேமேஜ் 1 என்றால் ஒரு பகடை, தப்பிக்க மூன்றில் ஒரு வாய்ப்பு. டேமேஜ் 2 என்றால் இரண்டு பகடையும் விழ வேண்டும், ஒன்பதில் ஒரு வாய்ப்பு. சூப்பர்சார்ஜ் அங்கே வாங்கித் தருவது இந்த ஒன்றைத்தான்.

மயாஸ்மா இல்லை, கேப்டன் பக்கத்தில் என்று வையுங்கள். 20 குண்டில் சராசரி 15.6 படும். சாதாரணமாகச் சுட்டால் 6.9 பேர் சாவார்கள், சூப்பர்சார்ஜில் 9.2. நம் பக்கம் இழப்பு அரை ஆள். போடலாம், தாராளமாக. மயாஸ்மா வந்துவிட்டால் படுவது 11.7ஆக இறங்குகிறது. சாதாரணம் 5.2, சூப்பர்சார்ஜ் 6.9. கூடுதலாகக் கிடைப்பது ஒன்றே முக்கால் எதிரி. நம் பக்கம் சாவது? ஒரு குண்டுக்கு ஒன்பதில் இரண்டு வாய்ப்பு, ஆளுக்கு இரண்டு குண்டு, பத்துப் பேர்: சராசரி 3.95. ஒன்றே முக்கால் ஆளுக்கு நாலு பேரைக் கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் எதிராளி ரூலைச் சொன்னார், அவ்வளவுதான். ஐந்து பேரை அனுப்பி வைத்தது நீங்கள்தான், சார்.

அப்புறம் ஒரு சந்தேகம். 20 பகடையையும் ஒரே கையில் அள்ளி உருட்டி, கிடந்த 1ஐயும் 2ஐயும் எண்ணியா ஆளை எடுத்தீர்கள்? அப்படியென்றால் அதுதான் உண்மையான ரூல் தப்பு. ஒருவனுடைய இரண்டு குண்டும் சொதப்பினாலும் அவன் ஒரு தடவைதான் சாவான். மொத்தமாக எண்ணினால் சராசரி 4.4 வரும், சரியாக எண்ணினால் 3.95. ஒவ்வொருவருக்கும் ஜோடி ஜோடியாக உருட்டுங்கள். பொறுமை இல்லையென்றால் பத்து நிறத்தில் இரண்டிரண்டு பகடை.

கேள்வி: அண்ணனும் நானும் ஆடுகிறோம். கேப்டனுக்கு 6 அங்குலத்துக்குள் இருக்கும் அணிக்கு 1ஐ மறுபடி உருட்டும் சலுகை. அண்ணன் பத்து ஹெல்பிளாஸ்டரை ரயில் மாதிரி நீளமாக நிறுத்தி, கடைசிப் பெட்டியை மட்டும் கேப்டன் பக்கத்தில் விடுகிறான். மற்ற ஒன்பது பேர் எங்கேயோ. எல்லாருக்கும் சலுகை உண்டு என்று சாதிக்கிறான். ஏமாற்றுகிறானா?

பதில்: இல்லை, ரூலைப் படித்திருக்கிறான். ‘அணி 6 அங்குலத்துக்குள் இருந்தால்’ என்றால் அந்தப் பதிப்பில் அணியின் ஏதோ ஒரு மாடல் (ஒரு சிப்பாய்ப் பொம்மை) உள்ளே இருந்தால் போதும். எல்லாரும் உள்ளே இருக்க வேண்டும் என்று நினைத்த இடத்தில் ‘முழுவதும் உள்ளே’ என்று தனியாகவே எழுதியிருப்பார்கள். இரண்டு வாசகமும் புத்தகத்தில் இருக்கும்போது ஒன்றை மற்றதாகப் படிக்க முடியாது.

எவ்வளவு தூரம் போகும் என்று ஒரு நாள் டேப்பை எடுத்து அளந்தேன். மாடல் நிற்கும் வட்டம் 32 மில்லிமீட்டர், ஒன்றேகால் அங்குலம். பக்கத்து ஆளுக்கு 2 அங்குல இடைவெளி விடலாம். முதல் ஆள் 6 அங்குல விளிம்பில் நின்றால் பத்தாவது ஆள் கேப்டனிடமிருந்து 35 அங்குலத்தில் நிற்பான். அப்போது மேசையின் நீளமே 72 அங்குலம். பாதி மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேப்டன் ‘டேய், மறுபடி சுடு’ என்று கத்துகிறார், அவனுக்கும் கேட்கிறது.

தடுக்க வழி உண்டு, அண்ணனிடம் சண்டை போட வேண்டாம். நீளமாக நிற்கும் அணி மெலிந்த அணி. நடுவில் இரண்டு பேரைச் சுட்டால் கயிறு அறுந்துவிடும் என்று நினைப்பீர்கள், ஆனால் யாரை எடுப்பது என்பது அண்ணன் இஷ்டம், தூர முனையிலிருந்துதான் எடுப்பான். அதனால், உங்களுக்கு மிக அருகில் நிற்கும் எதிரி கேப்டன்தான் என்று ஆனால், அவரைக் குறிவையுங்கள். அல்லது ஓடிப்போய் ரயிலின் இன்ஜினைக் கைகலப்பில் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருவனைப் பிடித்தாலும் பத்துப் பேரும் சிக்கியதாகத்தான் அர்த்தம். ‘ஒருவன் போதும்’ என்ற அதே வாதம் அண்ணனுக்குத் திரும்பி வரும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: ‘அசால்ட்’ வகை ஆயுதம் ஓடியபடியே சுடலாம் என்று இருக்கிறது. ஆனால் ஓடிய யூனிட்டைச் சுடுவதற்குத் தேர்ந்தெடுக்கவே கூடாது என்றும் அதே புத்தகத்தில் இருக்கிறதாமே? நண்பர் ஒருவர் அதைக் காட்டி என்னைச் சுட விடவில்லை.

பதில்: இருக்கிறது. எழுத்துப்படி பார்த்தால் 8ஆம் பதிப்பில் அசால்ட் ஆயுதம் ஓடியபின் சுடவே முடியாது. கதவைப் பூட்டிவிட்டு உள்ளே சாப்பாடு ரெடி என்று எழுதி வைத்த மாதிரி. நன்னூலில் இதற்கும் பெயர் உண்டு, ‘மாறுகொளக் கூறல்’. அந்தக் காலத்தில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆட்டக்காரரே கிடையாது. உண்மையாகவே சுட விடாதவரை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

அவருக்கு ஒன்று சொல்லுங்கள். 1985இல் வந்த அட்வான்ஸ்ட் ஸ்குவாட் லீடர் என்ற ஆட்டத்தின் ரூல் புத்தகம் சட்டப் புத்தகம் மாதிரி. அதை ஆடுகிறவர்களுக்கு ஒரு தாரக மந்திரம் உண்டு: ரூல் எதை அனுமதிக்கிறதோ அதை மட்டும் பார். எழுத்தைப் பிடித்துத் தொங்கினால்தான் அது ஓடும், அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். வார்ஹேமர் அந்த ஜாதி இல்லை. ஒரு ரூலை எழுத்துப்படி படித்தால் அந்த ரூலுக்கே வேலை இல்லாமல் போகிறது என்றால், படித்ததில் கோளாறு. அவரிடம் அசால்ட் ஆயுதம் ஏதும் இல்லை என்று ஊகிக்கிறேன்.

கேள்வி: பகடை ஏதாவது மேல் சாய்ந்து நின்றால்?

பதில்: மறுபடி உருட்டு. நல்ல எண்ணாக இருந்தாலும், கெட்ட எண்ணாக இருந்தாலும். முதல் பகடை விழுவதற்கு முன்னால் பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஹெல்பிளாஸ்டர் ‘ஓவர்’, அதாவது அளவுக்கு மீறிய பலம், இனிமேல் கொண்டுவரக் கூடாது என்று எங்கள் குழுவில் தீர்மானம் போட்டுவிட்டார்கள். அந்த அணியை வைத்து 10 ஆட்டத்தில் 7 ஜெயித்தேன். அதற்காகத் தடையா?

பதில்: முதலில் உங்கள் பத்துக்கு ஏழு. இரண்டு பக்கமும் துல்லியமாகச் சமம் என்றாலும், வெறும் அதிர்ஷ்டத்தில் ஒருவர் பத்தில் ஏழோ அதற்கு மேலோ ஜெயிக்க 17 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஆறு பேரில் ஒருவருக்கு நடப்பது. அதை வைத்துத் தீர்மானம் போடுவது அவசரம். அதை வைத்து நீங்கள் நிரபராதி என்பதும் அவசரம்தான்.

இரண்டாவது, படைகளை மாற்றிக்கொண்டு ஆடிப் பாருங்கள். உங்கள் ஹெல்பிளாஸ்டரை அவர்களிடம் கொடுங்கள், அவர்கள் படையை நீங்கள் எடுங்கள். அப்போதும் நீங்களே ஜெயித்தால் விஷயம் யூனிட்டில் இல்லை. இதைச் செய்ய யாருக்கும் மனசு வராது, சாயம் பூசிய மாடலை இன்னொருவன் கையில் கொடுப்பது லேசில்லை. ஆனாலும் நான் அறிந்தவரை இதைவிட நல்ல சோதனை இல்லை.

மூன்றாவது, உங்கள் மேசையில் எவ்வளவு மறைவு இருக்கிறது என்று பாருங்கள். 30 அங்குலம் சுடுகிற துப்பாக்கிக்கு மொட்டை மேசை சொர்க்கம். அந்தப் பதிப்பில் மாடலின் கண்ணுக்குத் தெரிந்தால் சுடலாம். இடிந்த கட்டடத்தின் ஒவ்வொரு சன்னலும் ஒரு ஓட்டை. தரைத்தளச் சன்னல்கள் மூடியிருப்பதாக வைத்துக்கொள்வது அப்போது பலர் கைக்கொண்ட வழி. அதை மட்டும் செய்துவிட்டு மூன்று ஆட்டம் ஆடுங்கள், பாதிப் புகார் தானாக நின்றுவிடும்.

இதெல்லாம் செய்தும் உறுத்தினால் யூனிட்டைத் தொடாதீர்கள், அது யாரோடு சேர்கிறது என்று பாருங்கள். ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிக்குப் பதினைந்து ஆடு என்று யாரோ ஆடிப் பார்த்துத்தான் நிறுத்தியிருக்கிறார்கள். பாயின்ட் என்பதும் அதே வேலைதான், எத்தனை ஆடு கொடுத்தால் ஒரு புலிக்குச் சரியாகும் என்று. சிக்கல் என்னவென்றால், பாயின்ட் தனி ஆளுக்குப் போடுகிறார்கள், ஆட்டத்தில் அவன் தனியாக வருவதில்லை. அதே 2017இல் கான்ஸ்கிரிப்ட் என்று ஒரு யூனிட். ஆளுக்கு மூன்றே பாயின்ட், அணியில் 50 பேர் வரை. சுடத் தெரியாது, அடிக்கத் தெரியாது, ஊதினால் பறப்பான். பக்கத்தில் கமிஸார் என்ற அதிகாரி நின்றதும் கதை மாறியது. பயந்து ஓட வேண்டிய நேரத்தில் அவர் ஒருவனைச் சுட்டுவிடுவார், மிச்சம் நாற்பத்திச்சொச்சம் பேரும் நின்ற இடத்தில் நிற்பார்கள். கொல்லவே தெரியாத கூட்டம், மேசையை அடைத்துக்கொண்டு ஜெயித்தது. அதே வருஷம் அணியை 30 பேராக வெட்டினார்கள், கட்டளை கேட்பதற்கும் 4+ உருட்ட வேண்டும் என்றார்கள், கமிஸாரின் கையையும் கட்டினார்கள். எல்லாம் போன பிறகு அவர்களை யாரும் சீண்டவில்லை. நீங்கள் அந்த அளவுக்குப் போக வேண்டாம்.

உங்களுடையதிலும் பலம் கேப்டனில்தான். கேப்டன் இல்லாமல் சூப்பர்சார்ஜ் போட்டால் பத்துப் பேரில் சராசரி மூன்று பேர் தானாகவே சாவார்கள். கேப்டன் வந்ததும் அது அரை ஆளாகிறது. ஒரு ஆபத்தான துப்பாக்கியின் ஆபத்தை ஒரே ஆள் துடைத்துவிடுகிறார், அந்த 35 அங்குல ரயிலோடு சேர்த்தால் சொல்லவே வேண்டாம். ஆகவே குழுவில் இதைச் சொல்லிப் பாருங்கள்: கேப்டனின் சலுகை ‘முழுவதும் 6 அங்குலத்துக்குள்’ இருக்கும் அணிக்கு மட்டும். ஹெல்பிளாஸ்டரில் கை வைக்கத் தேவையில்லை. பத்துப் பேரையும் அந்த வட்டத்துக்குள் நெருக்கி நிறுத்தினால் அவர்களைச் சுற்றி வளைப்பது எதிராளிக்கு எளிது, விலை அங்கே வசூலாகிவிடும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ‘ரூலுக்கு அதுதான் அர்த்தம்’ என்று சொல்லி இதைக் கொண்டுவராதீர்கள். ரூல் அப்படி இல்லை, எங்களுக்கு இப்படி வேண்டும் என்று நேராகச் சொல்லுங்கள். எனக்கு வருகிற பத்துச் சண்டையில் எட்டு, பிடிக்காத ஒன்றைப் புரியாத ஒன்றாகக் காட்டுவதால் வருவது.

கேள்வி: பேசாமல் ஒரு நடுவரை வைத்துக்கொண்டால் என்ன சார்? நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

பதில்: பழைய வழி அதுதான். பிரஷ்யாவில் 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி அச்சிட்ட போர் ஆட்டத்தில் இரண்டு தரப்பும் நடுவரிடம் கட்டளை எழுதிக் கொடுப்பார்கள். அவர் அட்டவணையைப் பார்த்துப் பகடை உருட்டி, மேப்பில் கட்டையை நகர்த்துவார். ரூல் கூடக் கூட ஆட்டம் ஆமையாகிவிட்டது. 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி அட்டவணையைத் தூரப் போடுங்கள், அனுபவசாலி நடுவர் தன் புத்தியால் சொல்லட்டும் என்றார். அனுபவசாலி கிடைத்தால் அதற்கு ஈடில்லை. நம் நிலைமை, இருப்பதே இரண்டு பேர், இரண்டு பேரும் ஆட வேண்டும். வார்ஹேமர் புத்தகத்தின் சொந்த யோசனை எளிது: ஒத்துவரவில்லையா, ஆளுக்கு ஒரு பகடை உருட்டுங்கள், பெரிய எண் சொன்னது சட்டம், ஆட்டத்தைத் தொடருங்கள்.

எனக்கு இது காலம் கடந்துதான் ஏறியது. பல வருஷம் முன்பு, இதே பிளாஸ்மாதான், இதே 2தான். எதிரே நெருங்கிய நண்பர். பிழை திருத்துகிறவன் புத்தி சும்மா இருக்குமா? புத்தகத்தைப் புரட்டி, விளக்கத்தைப் புரட்டி, வாக்கியத்தைப் பிரித்து எழுவாய் எது பயனிலை எது என்று 50 நிமிஷம் பாடம் எடுத்தேன். நான் சொன்னது சரி. அவர் ‘சரி’ என்று மாடலை எடுத்துவிட்டு, மணியைப் பார்த்துவிட்டு, பெட்டியை மூட ஆரம்பித்தார். இரண்டாவது டர்ன்கூட முடியவில்லை. அடுத்த இரண்டு மாசம் அவருக்கு வேறு வேலை இருந்தது.

இப்போது எங்கள் மேசையில் ஒரு நோட்டு. சந்தேகம் வந்தால் மூன்று நிமிஷம் தேடுவோம், கிடைக்காவிட்டால் பகடை. ஆட்டம் முடிந்தபின் நிதானமாகத் தேடி, விடையை நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவோம். அடுத்த முறையிலிருந்து அதுதான் சட்டம். இதுவரை 41 பதிவு. பிளாஸ்மாவுக்கு மட்டும் ஒன்பது. அதில் ஒன்றின் எதிரே நண்பர் கையெழுத்துப் போட மறுத்து, ‘எழுத்துப்படி’ என்று மட்டும் எழுதியிருக்கிறார்.